தூர் என்றால் உலாத்தல்

1934 ஜூலை 12, மாலை நாலு மணி பத்து நிமிடம், தூறல். "அப்பா, ஒரு தூர் போய்ட்டு வர்றேன்" என்று மகள் குடையை எடுத்தாள். எங்கள் தீவின் பிரெஞ்சு கலந்த கிரியோல் பேச்சில் தூர் என்றால் காலாற உலாத்துவது.

எனக்கு ஒன்பது வயதில், நாங்கள் சுயாக் ஊரில் இருந்தபோது, அம்மாவுக்கு அவள் தம்பியின் கடிதம் வந்தது. மாமா போர்ட் லூயியில் ஒரு துரையிடம் எழுத்தர். நான் பழகட்டும் என்று இங்கிலீஷில்தான் எழுதுவார். அன்று நாலே வரி; அம்மாவுக்கு நான்தான் படித்துச் சொன்னேன்.

"மாமா வியாழக்கிழமை துரையோட தூர் போறாராம். நீ துறைமுகத்துக்கு வரணுமாம்."

"அவன் உலாத்துறதைப் பார்க்க நான் ரயிலேறணுமா?" அம்மா சிரித்தாள். "சரியாத்தான் படிச்சியா?"

இங்கிலீஷில் அச்சொல்லுக்கு வேறு பொருள் இருக்குமோ என்று எனக்கே தோன்றியது. வாத்தியாரைக் கேட்டிருக்கலாம். "எனக்குத் தெரியாதா?" என்றேன். நாங்கள் துறைமுகத்துக்குப் போகவில்லை.

அது ஊர் ஊராகப் பார்த்துவர இரண்டு வருஷக் கப்பல் பயணம். புறப்பட்ட ஏழாம் மாதம் மாமா வழியிலேயே காய்ச்சலில் போனார். அம்மா கடைசிவரை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பின்னாளில் அகராதி பார்த்தேன். அச்சொல்லின் வேர் கடைசல் சக்கரமாம். சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே சேர்வதாம்.

அன்று எங்களுக்கு மிச்சமானது போகவர ரயில் காசு, ஒரு ரூபாய் அறுபது சதம்.