மதினிக்கு நான் போடாத கோடி

மாதவிடாய் நின்று பல வருடம் கழித்து மறுபடி இரத்தம் பட்டது. முந்திரித் தோப்பில் உடம்பை வருத்திக்கொண்டதால்தான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்னவாசலிலிருந்து வந்திருந்த மதினி (என் கணவரின் அக்கா) துவைக்கப் போட்ட பாவாடையைப் பார்த்துவிட்டார்.

"கெளம்புடி. வெக்கத்தயெல்லாம் வீட்டுல வச்சிட்டு வா" என்று பஸ் ஏற்றினார்.

பயாப்சியில் (திசுவைக் கிள்ளி எடுத்துச் செய்யும் பரிசோதனை) கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று வந்தது. தஞ்சாவூரில் கதிர்வீச்சு, கூடவே மருந்து. வயிற்றுப்போக்கில் நான் துவண்டபோது மதினிதான் துணி அலசினார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. வாய் மட்டும் ஓயாது.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "கவலப்படாத. கவலப்பட்டா திரும்ப வந்துரும்." இதைவிடப் பெரிய கவலையை யாரும் எனக்குத் தரவில்லை. பயம் வரும்போதெல்லாம் நோயை நானே கூப்பிடுகிறேனோ என்று குற்றவுணர்ச்சி வந்தது. அதனால் எந்நேரமும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கடைசி உள்கதிர்வீச்சு (குழாய் வழியே உடலுக்குள்ளிருந்து கொடுப்பது) நடந்த அன்று மதினி வரவில்லை. "பேத்திக்கு ஒடம்பு முடியலயாம்" என்றார் கணவர் போனில். அவரும் வரவில்லை. மகள்தான் துணைக்கு இருந்தாள். மதினிக்கு என்னைப் பார்த்து அலுத்துவிட்டது என்று உள்ளுக்குள் திட்டித் தீர்த்தேன்.

வீடு திரும்பிக் கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். "பொறந்த வீட்டுக் கோடி போட ஒன்னயத்தான் தேடுனோம். ஒங் கொழுந்தன் பொண்டாட்டிதான் போட்டா" என்றாள்.

எங்கள் பக்கம் ஒரு பெண் இறந்தால், பிறந்த வீட்டுக் கோடியைக் (புதுப் புடவை) கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும். மூத்த தம்பி மனைவியான எனக்குரிய கடமை அது. இறந்தது மதினி. மாரடைப்பாம். எனக்குக் கடைசிக் கதிர்வீச்சு நடந்த அதே நாள்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ கவலப்படுவ. அக்காவும் போயி, ஒன்னயும் பறிகுடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டுக் கணவர் உடைந்து அழுதார். என் முன்னால் அழக்கூடாது என்று அக்காவுக்காக அவர் அதுவரை அழவே இல்லை. அதற்கும் நானே காரணம்.

அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் கேட்டேன். "யாருக்கும் தெரியாம தெனமும் அழுறேன் டாக்டர். தூக்கமே இல்ல. திரும்ப வந்துருமா?"

"அழுகையால புற்றுநோய் திரும்பாதும்மா. அடக்கி அடக்கி வச்சுத்தான் உங்களுக்குத் தூக்கம் கெட்டுருக்கு. வீட்ல எதையும் மறைக்காமப் பேசுங்க. முடியலன்னா இங்க மனநல ஆலோசகர் இருக்காங்க, பாருங்க."

கணவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்றே இருவரும் அன்னவாசல் போனோம். மதினி படத்தின் முன் வாய்விட்டு அழுதேன். "ஒடம்புக்கு ஆகாதும்மா" என்று யாரோ தடுத்தார்கள். "விடுங்க, அழுகட்டும்" என்றார் கணவர்.

இதே சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கெட்ட செய்தியையும் மறைக்க வேண்டாம் என்று வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

இப்போது தூக்கம் வருகிறது. ஆனால் சிறுநீரை அடக்க முடிவதில்லை. எங்கே கழிப்பறை என்று விசாரித்துக்கொண்டுதான் வெளியூர் கிளம்புகிறேன். நோய் திரும்பாமல் ஒரு வருடம் போகட்டும் என்று எல்லாரும் எனக்காக வேண்டிக்கொள்கிறார்கள். எனக்கு அந்த வருடம் முடிகிறபோதுதான் மதினிக்குத் தலைத்திவசம்.