காலுறைக்குள் ஓர் இழை

எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் குழந்தை வளர்ப்புக் குறிப்புகளைத் தொகுப்பது என் வேலைகளில் ஒன்று. மருத்துவர்கள் சொல்வதைச் சுருக்கி எளிய வாக்கியங்களில் போட வேண்டும். கைக்குழந்தை விடாமல் அழுதால் பசி, ஈரத்துணி, வயிறு, காது, காய்ச்சல் என்று வரிசையாகப் பாருங்கள் என்று எழுதியவன் நான். குளிர் மாதங்களில் பாதங்களை மூடி வையுங்கள் என்று எழுதியவனும் நான்தான்.

மகளுக்கு அப்போது ஐந்து மாதம். காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரம்மாவின் தறியில் என் மனைவி நெய்துகொண்டிருந்தாள். அந்த வாரம் பாவு பிணைக்கும் வேலை. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு தீரப்போகும்போது அதன் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். அவள் எழுந்திருக்கும்போது மடியெல்லாம் பட்டுத் துணுக்காக இருக்கும்.

மார்கழியில் ஒரு காலை, எட்டு மணிக்கு மகள் அழ ஆரம்பித்தாள். எனக்கு அன்று விடுமுறை. என் வரிசைப்படியே பார்த்தேன். துணி மாற்றினேன். வெப்பமானி வைத்தேன், காய்ச்சல் இல்லை. காதைத் தொட்டால் முகம் சுளிக்கவில்லை. பால் கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டு மறுபடி வீறிட்டாள்.

வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, பத்திரிகைக்காரர் பொண்ணு காலையிலேர்ந்து பேட்டி குடுத்துக்கினே இருக்குது?"

பதினோரு மணிக்கு அவர் மறுபடி வந்தபோது கேலி இல்லை. "கண்ணு பட்டிருக்குதுமா. உப்பு மொளகா சுத்திப் போடு" என்று மனைவியிடம் சொன்னார். அவள் சுற்றிப் போட்டாள். நான் தடுக்கவில்லை. மதியத்துக்குள் குழந்தையின் குரல் கம்மிவிட்டது. அழுகை நிற்கவில்லை, சத்தம்தான் குறைந்தது.

ஷேர் ஆட்டோவில் காஞ்சிபுரத்துக் குழந்தை மருத்துவரிடம் போனோம். அவரும் என் பட்டியலைத்தான் கேட்டார். எத்தனை மணிக்குப் பால், எத்தனை மணிக்கு மலம் என்று நேரத்தோடு சொன்னேன். சரியாகச் சொல்கிறேன் என்று ஒரு திருப்திகூட இருந்தது.

"எல்லாத்தையும் கழட்டுங்க. சாக்ஸையும்தான்."

வலது காலின் மூன்றாவது விரல் மட்டும் வீங்கிக் கருநீலமாக இருந்தது. அடியில் தோல் பள்ளமாக உள்ளே போயிருந்தது. பள்ளத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மருத்துவர் விளக்கை இழுத்து, மெல்லிய கத்தரியின் முனையை நுழைத்தார். மூன்று முறை முயன்ற பிறகே வெட்டுப்பட்டது. வெளியே வந்த இழையைப் பஞ்சின் மேல் வைத்தார்.

"வழக்கமா முடிதான் இப்படி விரல்ல சுத்திக்கும். இது முடியா?"

"இல்ல டாக்டர். பட்டு. அந்த அரக்கு நிறம் எங்க பாவுதான்" என்றாள் மனைவி.

"யாரு தறி வேலை பாக்கறது?"

"நான்தான்."

காலுறைகளையும் அவள் வேலைக்குக் கட்டும் புடவையையும் ஒரே வாளியில் போட்டு அலசியது நான். காலையில் அந்தக் காலுறையை மாட்டிவிட்டதும் நான். உள்பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை. அங்கே அதைச் சொல்லவில்லை. மருத்துவர் அவளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரல் தப்புமா என்று கேட்டேன்.

"ரத்தம் திரும்புதான்னு பாக்கணும். கருத்துக்கினே போனா உடனே தூக்கிட்டு வந்துடுங்க."

வீடு திரும்பும் வழியில் மனைவியிடம் வாளி விஷயத்தைச் சொன்னேன். அவள் குழந்தையின் காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இத அங்க சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள். பிறகு, "வெரலு மொதல்ல சரியாவட்டும்பா."

இருட்டிய பிறகும் அந்த விரல் நுனியை மாறி மாறி அழுத்திப் பார்த்தோம். அழுத்தினால் வெளுத்து, விட்டால் சிவக்க வேண்டும். முதலில் எந்த மாற்றமும் இல்லை. ஏழு மணி வாக்கில் மெதுவாகச் சிவந்தது. இன்னொரு முறை அழுத்தப் போனபோது மனைவி என் கையைத் தள்ளிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு குறிப்புகளில் ஒன்றைச் சேர்த்தேன்: அழுகைக்குக் காரணம் தெரியாவிட்டால் துணி முழுவதையும் கழற்றி, கைவிரல், கால்விரல் ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள். காலுறைகளை உள்பக்கம் திருப்பி உதறிய பிறகே மாட்டுங்கள். யார் வீட்டில் நடந்தது என்று எழுதவில்லை.

மகள் இப்போது நடக்கிறாள். விரலைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று இருக்கிறது. மனைவி தறியிலிருந்து எழுந்தால் புடவை மாற்றாமல் அவளைத் தூக்குவதில்லை. மகள் அதற்குள் அழுதுவிடுகிறாள். அந்த நேரத்தில் நான் போய்த் தூக்குகிறேன். முதலில் காலைத்தான் பார்க்கிறேன்.