கஞ்சக்கா திறந்துவிட்ட தண்ணீர்

மலைமேல் அணையில் மதகுகளைப் பார்த்துக்கொண்டவளுக்கு, அடிவாரத்து மின் நிலையத்தில் எல்லாரும் வைத்திருந்த பெயர் கஞ்சக்கா. வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. கோடையில் பனி உருகி ஏரி நிரம்பும். குளிர்காலத்தில் எல்லாம் உறைந்துபோய்ச் சொட்டுத் தண்ணீர் வராது. ஊரே ஹீட்டர் போடுவதும் அப்போதுதான். கோடையில் பிடித்து வைத்ததை அடுத்த பனி உருகும்வரை இழுத்துப் பிடித்துச் செலவழிப்பதுதான் அவள் வேலை.

கீழேயிருந்து டர்பைன் ஆபரேட்டர் போன் செய்வான்.

"அக்கா, இன்னிக்குக் கொஞ்சம் கூடத் தண்ணி விடுங்களேன். குளிர் தாங்கல, எல்லாரும் ஹீட்டர் போடுறாங்க."

"இப்பவே குடிச்சுத் தீர்த்துட்டா அடுத்த மாசம் என்ன பண்றதா உத்தேசம்? ஸ்வெட்டர் போட்டுக்கச் சொல்லுங்க."

அந்த அதட்டலைக் கேட்டே, மூக்கு நுனியில் கண்ணாடியும் தலை நிறைய நரையுமாக ஒரு அம்மாளை அவன் மனத்தில் உட்கார வைத்திருந்தான். உண்மையில் அவள் அவனைவிடச் சின்னவள். குரலிலேயே அவன் ஏமாந்திருப்பது அவளுக்குத் தெரியும். ஓசியில் கிடைத்த மரியாதையை விடுவானேன் என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு வருஷம் வசந்தம் அவசரப்பட்டு வந்தது. பனி பெய்ய வேண்டிய நாளில் மழை பெய்தது. வெதுவெதுப்பான மழை, மலைச்சரிவுப் பனியையெல்லாம் கரைத்து அள்ளிக்கொண்டு வந்தது. வற்றிக் கிடக்க வேண்டிய ஏரி மளமளவென்று ஏறியது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனை எடுத்தாள்.

"எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோங்க. ரெண்டு மெஷினையும் ஓட்டுங்க!"

அவன் மெதுவாகக் கேட்டான். "அக்கா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"விளையாடாதீங்க. ஏரி ரொம்பிட்டு இருக்கு."

"ஐயோ! வருஷா வருஷம் இப்பத்தானே ரிப்பேர் பார்ப்போம்? ஒரு மெஷினைப் பிரிச்சுத் தரையில பரப்பி வெச்சிருக்கோம்."

"மாட்டுங்க. அதுவரைக்கும் நான் சமாளிக்கிறேன்."

சமாளிப்பது சொன்னதுபோல எளிதாக இல்லை. ஏரி ததும்பி, தண்ணீர் ஒரேயடியாக ஆற்றில் பாய்ந்தால் கரையோரத் தெருக்கள் தாங்காது. இடம் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட வேண்டும். மேலதிகாரியைக் கேட்டாள், அவரும் அதையேதான் சொன்னார். ஆற்றோரம் இருந்தவர்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, மெஷின் பக்கம் போகாமல் நேரே ஆற்றில் விடும் சின்ன மதகைத் திறந்தாள். குளிர்காலம் முழுக்கக் குடம் குடமாகக் காப்பாற்றிய கை. ஒரு விளக்கைக்கூட எரிய வைக்காமல் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு ஓடிய தண்ணீரைப் பார்க்க வயிறு எரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

கீழே அவர்கள் சாப்பாடு தூக்கம் பார்க்காமல் மெஷினை மாட்டி முடித்தார்கள். அவன் குரல் கரகரத்துப் போயிருந்தது. "அக்கா, அனுப்புங்க!" சின்ன மதகை மூடிவிட்டு, மின் நிலையத்துக் குழாயின் மதகை முழுசாகத் திறந்தாள். ஏரி அணையின் விளிம்பைத் தொடப்போய், மனசு மாறினாற்போல நின்றது.

மழை விட்டதும், தன் தண்ணீரைத் தின்ற மெஷின்களைப் பார்க்க ரோப் காரில் இறங்கிப் போனாள். கை முழுக்கக் கிரீஸோடு ஒருவன் வழிமறித்தான். போனில் கேட்ட அதே கரகரத்த குரல்.

"யாரும்மா நீங்க? உள்ள வரக்கூடாது."

"நான்தான் தண்ணி விடுறவ."

அவன் அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "அக்கா வரலையா?"

சுற்றியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவன் காது நுனிவரை சிவந்தது. அதற்குப் பிறகும் தினம் போன் வந்தது, பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றியே இல்லை. மறு வருஷம் இருவருக்கும் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழர்கள் ஒரு வேளைகூட அந்த 'அக்கா'வைச் சொல்லிக் கலாய்க்காமல் விடவில்லை.

பனி இனி பழைய கணக்குப்படி வராது என்பது நிர்வாகத்துக்கும் உறைத்தது. அணைக்கும் மேலே, பனிப்பாறை உருகிப் பின்வாங்கிய பள்ளத்தில் தானாகவே ஒரு ஏரி உண்டாகியிருந்தது. அதற்குக் கரை கட்டி, பம்பு வைத்தார்கள். வெயில் நேரத்தில் சோலார் மின்சாரம் மிஞ்சும்போது பழைய ஏரித் தண்ணீர் மேலே ஏறும், வேண்டும்போது இறங்கும். இரண்டு ஏரிக்கும் அவளே பொறுப்பாளி.

"மேல அனுப்பியிருக்கேன், பத்திரமா வாங்கி வை" என்பான் பம்பை ஓட்டும் புருஷன்.

"நீங்க அனுப்பினதா? என் ஏரித் தண்ணிய எனக்கே தானம் பண்றீங்களா?"

முதல் குளிர்காலம் கழிந்தபோது புது ஏரியில் தண்ணீர் மிச்சமாகவே இருந்தது. மட்டம் பார்க்க அவனையும் படகில் ஏற்றிக்கொண்டாள். நடு ஏரியில் படகு லேசாக ஆடியதும் அவன் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். வாழ்நாளெல்லாம் தண்ணீரில் சம்பாதித்தவனுக்கு நீச்சல் தெரியாது என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.