காம்படி இறக்கம்

ஷார்ஜாவில் புதிதாக ஒரு தமிழர் அறிமுகமானால் முதலில் ஊரைக் கேட்பார், அடுத்து ‘எந்த கேம்ப்?’ என்பார். கொம்பனி தரும் தங்குமிடத்துக்கு இங்கே அதுதான் பெயர். நான் ரோலாவில் அறை எடுத்து இருப்பவள். ஆனால் வேலைக்கு வருகிற ஆட்களுக்கு கேம்பில் அடுக்குக் கட்டில் ஒதுக்குவது என் டியூட்டி. அந்தச் சொல்லை நாளுக்கு நூறு தரம் சொல்கிறேன், ஒவ்வொரு தரமும் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் வன்னியில் காம்ப் என்றால் ஆமிக் காம்ப், இராணுவ முகாம். வேறு அர்த்தம் கிடையாது.

எங்கள் கொம்பனி வான் ஓட்டும் முருகேசன் புதுக்கோட்டைக்காரர், நல்ல மனுசன். அல் ஐன் சைட்டுக்குப் போகிற வழியில் ஒருநாள், “கூடப்பொறந்தவங்க இருக்காங்களாக்கா?” என்று கேட்டார்.

“ஒரு தம்பி.”

“எங்க இருக்காப்ல?”

“காம்புக்குக் கீழ.”

“கீழ் கட்டிலா? குடுத்து வெச்சவரு அக்கா. நான் மூணு வருசமா மேல ஏறி ஏறி முட்டியே போச்சு.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இறங்கியே போயிருப்பேன். அவரில் என்ன பிழை? அடுத்த கிழமை அவருக்குக் கீழ்க் கட்டில் ஒதுக்கினேன். ஏனென்று சொல்லவில்லை.

தம்பி சண்டையில் செத்தவன். போரில் செத்த மற்றப் பிள்ளைகளோடு துயிலும் இல்லத்தில் வரிசையாகப் புதைத்தோம். அம்மா கிழமைக்கொருக்கால் போய்க் கல்லறையைக் கழுவிவிட்டு வருவா. சண்டை முடிந்ததும் புல்டோசர் வந்தது. செத்தவனை இன்னொருக்கால் தோற்கடிக்க வேண்டுமா? கல்லறைகளை நொறுக்கி, அந்தக் கல்லையே போட்டு நிரவி, மேலே காம்ப் கட்டினார்கள். அவன் தலைமாட்டில் இப்போது வொலிபோல் விளையாடுகிறார்கள். நாசமாய்ப் போவார்கள் என்று எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அழகில்லையாம். நாசமாய்ப் போகட்டும்.

பஸ் தரிப்பின் பெயரும் மாறிவிட்டது. துயிலுமில்லத்தடி காம்படி ஆயிற்று. ஊரே அப்படிச் சொல்லப் பழகிவிட்டது. அம்மா மட்டும் அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை. “அதைச் சொன்னா, என்ர பிள்ளை அங்க இல்லையெண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி” என்பா. உள்ளே விடமாட்டார்கள். வேலிக்கு வெளியே விளக்கு வைத்துவிட்டுத் திரும்புவா.

போன கார்த்திகையில், போரில் செத்த பிள்ளைகளுக்கு விளக்கேற்றும் நாளுக்கு, லீவு எடுத்து ஊருக்குப் போனேன். நானும் அம்மாவும் பஸ்ஸில் ஏறினோம். விளக்கும் எண்ணெய்ப் போத்தலும் அம்மாவின் மடியில் இருந்தன. கண்டக்டர் வந்து, “எங்க இறக்கம்?” என்றார். எனக்குப் பழகிய வாய்.

“காம்ப், ரெண்டு.”

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. கண்டக்டர் டிக்கெட்டுகளைக் கிழித்து என் கையில் தந்தார். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“எனக்கு ஒண்டு தாங்கோ தம்பி. துயிலுமில்லத்தடி.”

“உங்களுக்கும் சேத்துத்தான் அக்கா எடுத்திட்டா. ரெண்டும் ஒரே இடம்தானே அம்மா?”

“ஒரே இடமில்லை.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்னொரு டிக்கெட்டைக் கிழித்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை விளக்கோடு சேர்த்துப் பொத்திப் பிடித்துக்கொண்டா. என் கையில் காம்படிக்கு இரண்டு டிக்கெட். ஒரே சீட்டில்தான் இருவரும் இருந்து போனோம்.