அந்தம்மாவுக்கு ஒரே வரி

மஸ்கெலியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓட்டோ வரிசை நகர்ந்தால் யோகேஸ்வரனும் வண்டியை உருட்டுவார். கண்ணைப் புத்தகத்திலிருந்து எடுக்க மாட்டார். மழை என்றால் திரையை இறக்கிவிட்டு, போன் வெளிச்சத்தில் படிப்பார்.

ஒரே புத்தகம்தான். பேர்பெற்ற நாவலாசிரியர் ஒருவர் வெளிநாட்டில் கழித்த காலத்தைத் தேடி, இன்னொருவர் அங்கே போய்த் திரிந்து எழுதிய பயண நூல். யாரோ பயணி வண்டியில் விட்டுப்போனது. அந்த நாவலாசிரியரின் நாவல் ஒன்றைக்கூட இவர் படித்ததில்லை. ஆனால் அவர் குளிரில் நடுங்கிய அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டால் சொல்வார்.

"நம்ம தோட்டத்து லயத்துக் காம்பரா மாதிரிதான். இந்தாளு அதுக்கு வாடக வேற குடுத்திருக்காரு."

கோபமெல்லாம் பயண நூல்காரர் மேல்தான். நாவலாசிரியர் சாப்பிட்ட கடை, முடி வெட்டிய கடை, எதையும் அந்த மனுஷன் விட்டுவைக்கவில்லை. நாவலாசிரியரின் மனைவிக்கு மட்டும் ஒரே வரி: மனைவி ஊரிலேயே இருந்தார்.

"அத்தன வருஷம் அந்தம்மா தனியா என்னா பண்ணுச்சு? ஒரு எட்டு போயி கேட்டா என்னா?"

பக்கம் கிக்கம் ஒட்டிக்கொண்டு தவறிவிட்டதோ என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். பின்வண்டிக்காரன் தனுஷன் சீண்டாமல் விடமாட்டான்.

"என்னாண்ணே, இந்தத் தடவையாச்சும் அந்தம்மா வந்துட்டாங்களா?"

"ஒன் வண்டியப் பாருடா."

இவருடைய மனைவி ஜெயந்தினி குவைத்தில் வீட்டு வேலை. ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் "வரவா, இருக்கவா?" என்று கேட்பாள். "ஒன் இஷ்டம்" என்பார். வற்புறுத்தக் கூடாதென்ற மரியாதை அது. அவளோ, தன்னைக் கூப்பிட இவருக்கு மனசில்லை என்று எடுத்துக்கொண்டு, இரண்டு முறையும் அங்கேயே இருந்துவிட்டாள். மகள் பிரேமினி சொல்லித்தான் இது இவருக்கே தெரியும். அதுவும் போன மாதம்.

போன வெள்ளிக்கிழமை, வண்டியில் ஆள் ஏறி உட்கார்ந்த நேரம் பார்த்து ஜெயந்தினி போனில் பேசினாள்.

"என்னங்க, மேடம் இன்னும் ரெண்டு வருஷம் கேக்குறாங்க. இன்னைக்கே பதில் சொல்லணும். என்னா சொல்ல?"

"வந்துரு."

"கேக்கலங்க."

"வந்துருன்னேன்."

"ஒண்ணுமே கேக்கலங்க. வழக்கம்போல என் இஷ்டந்தானா?"

நோட்டன் பிரிட்ஜ் போக ஏறியிருந்த பெண்ணைத் தனுஷனின் வண்டிக்குக் கை காட்டிவிட்டு, சிக்னல் கிடைக்கும் கோயில் மேட்டில் செருப்பு வழுக்க வழுக்க ஏறினார். வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. உச்சியில் நின்று, போனை வாய்க்கு நேரே பிடித்து, கழுத்து நரம்பு புடைக்க, "வந்துரு புள்ள" என்று கத்தினார்.

பிறகு போனைக் காதில் வைத்து, மற்றக் காதை விரலால் அடைத்துக்கொண்டு நின்றார்.