ஐந்தரை மணித்தியாலம்

ஒருகொடவத்தையில், மருந்துகளைக் குளிரில் வைத்துக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. குளிர் லொறிக்குள் பொருத்தியிருக்கும் சின்னப் பெட்டி, உள்ளே எவ்வளவு சூடு என்று விடாமல் பதிந்துகொண்டே இருக்கும். அந்தப் பதிவை அப்படியே யாராலும் வாசிக்க முடியாது. வெள்ளவத்தையிலிருந்து பஸ் மாறிப் போய், கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு வரி தட்டுவேன். எக்செல்லில் திறக்கக்கூடிய கோப்பு வந்து விழும். படித்த படிப்புக்கு இதுதானா வேலை என்று அம்மா கேட்பார். இதுதான்.

பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. அது கிரீன்விச் நேரத்தில்தான் எழுதும், எங்கள் மணிக்கூட்டுக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால். தட்டும் வரியின் கடைசியில் கொழும்பு என்று ஊர்ப்பெயரைச் சேர்த்தால் நேரம் சரியாகிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை லொறியில் இருந்த இன்சுலின் சூடாகிப் பழுதாய்ப் போனது. ஓட்டியவர் கொட்டாஞ்சேனை நானா; முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம். கொடுத்தது போக மிஞ்சிய மருந்துப் பெட்டிகளோடு பின்னேரம் ஐந்து மணிக்கு லொறியைக் கம்பெனி யாட்டில் விட்டு, பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். அதற்குப் பிறகு லொறியின் வயரைச் சுவர்ப் பிளக்கில் குத்திக் கரண்ட் கொடுத்தால்தான் குளிர் நிற்காமல் ஓடும். அது மனேஜரின் ஆட்களுடைய பொறுப்பு.

கொழும்பைச் சேர்த்துத் தட்டினேன். ஆறு மணிக்கு மேல் சூடு ஏறியிருந்தது. வயரை யாரும் குத்தவில்லை, அவ்வளவுதான் விஷயம். மனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நேரத்த மாத்தியிருக்கிறீங்களே மிஸ்."

"மாத்தேல்ல சேர். எங்கட நேரத்துக்குக் கொண்டுவந்தனான்."

"அதத்தான் மாத்துறது எண்டு சொல்றது. கிளையண்டுக்கு ஒரிஜினல்தான் போகோணும்."

என்னை எழும்பச் சொல்லி என் கதிரையில் உட்கார்ந்தார். மேல் அம்புக்குறியை ஒருமுறை அழுத்த, நான் தட்டிய வரி திரும்ப வந்தது. கடைசியிலிருந்து கொழும்பை எழுத்தெழுத்தாக அழித்தார். பிறகு என்டர்.

இப்போது அதே சூடு மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஏறியிருந்தது. வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் நானா மருதானைப் பள்ளிவாசலுக்கு முன்னால் லொறியை நிறுத்திவிட்டு ஜும்மாவுக்குப் போவது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். தொழப் போனவர் டீசலை மிச்சம் பிடிக்கக் குளிர் மோட்டாரை நிறுத்திவிட்டார் என்று கதை தயாரானது. மனேஜர் ஓர் எண்ணைக்கூடத் தொடவில்லை. பொய் சொல்ல இவ்வளவு சுத்தமான வழி இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டு கோப்புகளையும் மேலிடத்துக்கு விளக்கத்தோடு அனுப்பினேன். பெரியவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "இதுல எது ஒரிஜினல்?" கொழும்பு சேர்க்காததுதான் என்று உண்மையைச் சொன்னேன். அதோடு முடிந்தது. நானாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

போகுமுன் என் மேசைக்கு வந்தார். கையில் மனேஜர் அச்சடித்துக் கொடுத்த தாள். நான் கிரீன்விச், ஐந்தரை மணித்தியாலம், யாட், வயர் என்று எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரியா இரிக்கும் தங்கச்சி. ஆனா அண்டக்கி ஜும்மாவுக்குப் பிந்திட்டுதுண்டு அவசரமாத்தான் எறங்கின. ஓஃப் பண்ணிட்டேனோ என்னமோ."

"நீங்க ஓஃப் பண்ணேல்ல நானா. நான் பதிவப் பாத்தனான்."

அவர் தாளைப் பார்த்தார். "மெஷின் பொய் சொல்லாதுதானே."

இப்போது கொட்டாஞ்சேனையில் த்ரீவீல் ஓட்டுகிறார். நான் இன்னும் அதே கதிரையில்தான் இருக்கிறேன். போன மாதம் சந்தியில் கண்டபோது, சுகம் விசாரித்துவிட்டு, நான் கேட்காமலே சொன்னார்:

"இப்பவும் ஜும்மாவுல நிக்கக்குள்ள அந்த மோட்டர் நெனப்புத்தான் வருது தங்கச்சி."