கடப்பாரை இன்னும் வரவில்லை

வெர்லின் ஸ்காருக்கு மச்சான் ஆரின் மீது வயிறு எரிவது ஒன்றும் புதிதல்ல. ஆரின் வாங்கிய டிராக்டருக்காக எரிந்திருக்கிறது. ஆரின் வீட்டு ஆப்பிள் மரம் காய்த்துக் கொட்டியதற்காக எரிந்திருக்கிறது. ஆரினுக்குக் குடலிறக்க ஆப்பரேஷன் நடந்தபோது சர்ச் பெண்கள் வரிசை கட்டிக் கறியும் கிழங்கும் சுட்டு எடுத்துக்கொண்டு போனார்களே, அதற்காகக்கூட எரிந்திருக்கிறது. தனக்குப் பித்தப்பை எடுத்தபோது வந்தது ஒரே ஒரு பாத்திரம், அதிலும் உப்பில்லை என்பதை அவன் இன்னும் மறக்கவில்லை. ஆனால் ஒரு மானுக்காக அவன் வெந்துபோனது அந்த வருஷம்தான்.

கிக்கப்பூ ஆற்றுக்கு மேலே மேட்டில் பிறந்தவன் வெர்லின். அங்கேயே தீவன மில்லில் எந்திரம் ரிப்பேர் பார்த்துத் தலை நரைத்தவன். ஆரினும் அவனும் ஒரே வகுப்பு. ஆரினின் தங்கை மார்லிஸைக் கட்டிக்கொண்டபோது, ஜெயித்தது தான்தான் என்று நினைத்தான். மாமனார் கண்ணை மூடியதும் நிலம் பிரிந்தது. ஓக் மரங்கள் அடர்ந்த மேடு மகனுக்கு, கீழே சரிவில் இருந்த சோயா வயல் மகளுக்கு, நடுவில் கம்பி வேலி. மான்கள் வயலில் மேய்ந்துவிட்டு மேட்டில் போய்ப் படுக்கும். அதையும் அவன் அநியாயமாகத்தான் பார்த்தான். தின்பது என் வீட்டில், தூங்குவது அவன் வீட்டிலா?

அந்த மான்களில் ஒன்றுக்கு அவன் வைத்த பெயர் கடப்பாரை. வலது கொம்பில் ஒரு கிளை மட்டும் நெட்டுக்குத்தலாக நின்று, நுனியில் வளைந்து பிளந்திருக்கும். அது சின்னப் பயலாக இருந்த நாளிலிருந்தே வெர்லின் அதை மரத்தில் கட்டிய, ஏதாவது நடமாடினால் தானே படம் எடுக்கும் கேமராக்கள் வழியாகப் பார்த்து வருகிறான். முந்தின இரண்டு வேட்டை சீசனில் துப்பாக்கிக்கு எதிரிலேயே வந்து நின்றும் சுடவில்லை. இன்னும் முதிரட்டும் என்று விட்டான். வருஷா வருஷம் கொம்பு உதிர்ந்து புதிதாக முளைக்கும். குளிர்காலக் கடைசியில் அது உதிர்த்துப் போட்ட இடது கொம்பைப் பனியில் தேடி எடுத்து, துணியில் சுற்றி, ஃப்ரீசருக்கு மேலே வைத்திருந்தான்.

கேமரா விஷயத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. படம் எடுக்க அது போதும், நாம் அடிக்கடி போய் நிற்கக் கூடாது என்பான். மழை நாளில் போ, உச்சி வேளையில் போ, ரப்பர் பூட்ஸ் போடு, கிளையைத் தொடாதே, மெமரி கார்டை மாற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பு. கிழட்டுக் கலைமான் ஒரு தடவை மனுஷ வாடை பிடித்தால் சும்மா இருக்கும், நாலு தடவை பிடித்தால் வீட்டையே மாற்றிவிடும். லவோன் நடத்தும் மதுக்கடையில் இந்தப் பாடத்தைக் கேட்காதவர்கள் யாரும் இல்லை.

ஆகஸ்டில் கடப்பாரை வந்தது. புதுக்கொம்பெல்லாம் வெல்வெட் மாதிரித் தோல் போர்த்தி, கழுத்து பருத்து, வயிறு தொங்கி, வயல் ஓரத்தில் நின்று கேமராவையே முறைத்தது. அந்தப் படத்தை வெர்லின் காட்டியது மார்லிஸுக்கு மட்டும்தான்.

"யார்கிட்டயும் மூச்சு விடாத," என்றான்.

"என்ன, அதுக்குப் பொண்ணு பாக்கப் போறியா?" என்றாள் அவள்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் லவோன் கடையில் எல்லோரும் பொரித்த மீன் தின்றுகொண்டிருந்தார்கள். ஆரின் பிராந்தி டம்ளரை நகர்த்திவிட்டு, போனை நீட்டினான். அவன் கேமரா புது மாதிரி, படம் எடுத்த கையோடு போனுக்கே அனுப்பிவிடும்.

"மாப்ள, இதப் பாரேன். நம்ம ஓக் மரத்தடியில வந்து நிக்குது. ஆளப் பாரு, பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி!"

கடப்பாரை. பட்டப்பகல் வெளிச்சத்தில், வலது கொம்பு பளிச்சென்று தெரிய, ஆரினின் மரத்தடியில். வெர்லினுக்கு வாயில் இருந்த மீன் இறங்கவில்லை.

"ம். பரவால்ல," என்றான்.

"பரவால்லயா! உன் கண்ணுக்கு எதுதான் பெருசு?" என்று ஆரின் சிரித்தான். "கேமராவ சும்மாதான் கட்டினேன். ராக்கூன் எதுவும் கொட்டகைக்குத் திருட வருதான்னு பாக்க. இது வந்து மாட்டிக்கிச்சு."

அந்தச் சும்மாதான் வெர்லினைக் கொன்றது. நாலு வருஷம் மழையில் நனைந்தவன் இவன். ராக்கூனுக்கு வலை போட்டவனுக்குக் கடப்பாரை. அந்த மானைப் பார்த்து ஆரின் கொஞ்சமாவது ஏங்கியிருந்தால் மனசு ஆறியிருக்கும். அவன் பாட்டுக்குப் பாலாடைக்கட்டிப் பொரியலுக்கு ஆர்டர் சொல்லிவிட்டுச் சீட்டைக் கலைக்க ஆரம்பித்தான்.

மறுநாளே வெர்லின் கார்டை எடுக்கப் போனான். மழை இல்லை, உச்சி வேளையும் இல்லை. கடப்பாரை தன் பக்கம் வந்திருக்கிறதா என்று தெரியாமல் அவனால் சோறு தின்ன முடியவில்லை. வந்திருந்தது. சந்தோஷமாகத் திரும்பினான். அடுத்த நாள், அது இன்னும் தன் பக்கம்தான் இருக்கிறதா என்று பார்க்கப் போனான். அதற்கப்புறம் மில்லிலிருந்து வந்ததும் பூட்ஸைக்கூட மாற்றாமல், டீசல் வாடையோடு, தினமும் போனான். ஊருக்கெல்லாம் சொன்ன பாடம் அவன் காதில் மட்டும் ஏறவில்லை. முதலில் கடப்பாரை இருட்டில் மட்டும் வந்தது. பிறகு வயலின் தூரத்து மூலையில் வாலாக மட்டும் தெரிந்தது. அக்டோபரில் அதுவும் இல்லை.

மார்லிஸ் கம்ப்யூட்டரில் படங்களைத் தள்ளிப் பார்த்தாள்.

"நீ, நீ, நீ, ஒரு அணில், மறுபடி நீ. இந்தக் கெழட்டு ஆம்பளதான் நம்ம வயல்ல நல்லா மேயுறான். மானுக்கு மூக்கு இருக்கு வெர்லின்."

"அதெல்லாம் இல்ல. உங்க அண்ணன் மக்காச்சோளம் கொட்டி வெச்சு இழுக்கிறான்."

எங்கள் மாவட்டத்தில் மானுக்கு இரை கொட்டுவது குற்றம். ஒருவனைப் பற்றி அதைவிடக் கேவலமாக எதுவும் சொல்ல முடியாது. மார்லிஸ் திரும்பிப் பார்த்த பார்வையில் வெர்லின் எழுந்து வெளியே போய்விட்டான்.

சீசன் தொடங்கும் வாரத்தில் அவன் வேலி தாண்டினான். ஆரினின் கேமரா எந்த மரத்தில் என்று தெரியும், அதனால் அதன் முதுகுப் பக்கமாகப் போனான். ஓக் மரத்தடியில் குனிந்தான், பிறகு மண்டியிட்டான், இலைகளை விலக்கி ஒரு சோள மணியாவது கிடைக்காதா என்று தேடினான். ஓக் கொட்டைகள்தான் கிடந்தன. எதிர் மரத்தில் ஆரின் இன்னொரு கேமராவும் கட்டியிருந்தான்.

அன்று சாயங்காலமே ஆரின் வந்து சமையலறையில் உட்கார்ந்தான். காபி வந்ததும் போனை மேசையில் வைத்தான். படத்தில் வெர்லின் நாலு காலில் நின்று மண்ணை முகர்ந்துகொண்டிருந்தான்.

"கரடின்னே நெனச்சுட்டேன் மாப்ள. அப்புறம் தொப்பியப் பாத்துத்தான் கண்டுபிடிச்சேன். சோளமா தேடுன?"

ஆரின் கோபப்பட்டிருந்தால் வெர்லினும் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அந்த வசதியையும் அவன் தரவில்லை.

"இவ்ளோ ஆசைன்னா கேட்டிருக்கலாம்ல? சனிக்கிழமை என் பரண்ல நீயே உக்காரு. எனக்கு முட்டி வலி, ஏணி ஏற முடியல. அந்த மான் வந்தா நீயே அடிச்சுக்கோ."

"உன் பிச்ச எனக்கு வேணாம் மச்சான்."

"சரி, விடு. மார்லிஸ், நீ உக்காருறியா?"

மார்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "உக்காருறேண்ணே. அப்பா துப்பாக்கி அலமாரியிலதான இருக்கு?"

கிண்டல் செய்கிறாள் என்றுதான் வெர்லின் நினைத்தான். வெள்ளிக்கிழமை அவள் பெட்ரோல் பங்கில் வேட்டை லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு கோட்டைத் தேடி எடுத்து வெளியே காற்றாட மாட்டினாள். வாடை போகவாம். இவன் சொல்லிக்கொடுத்ததுதான்.

சனிக்கிழமை காலை வெர்லின் தன் பரணில் உட்கார்ந்து வெறும் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் ஏறுகிற நேரத்தில் மேட்டில் ஒரு வெடி கேட்டது. ஒன்றே ஒன்று. பல வெடி கேட்டால் தப்பிவிட்டது, ஒன்றோடு நின்றால் விழுந்துவிட்டது, இது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். இறங்கி, வேலி தாண்டி, மூச்சு வாங்க ஏறினான். வேறு ஏதாவது மானாக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டான்.

மார்லிஸ் இலைகள் மேல் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கண்ணீரும் மூக்குச்சளியும். பக்கத்தில் கிடந்தது கடப்பாரை.

"வெர்லின்! அப்படியே நடந்து வந்துச்சு. நான் ஒண்ணுமே பண்ணல," என்றாள். அழுகைக்கு நடுவே சிரித்தாள். "இது அவன்தான? உன் கடப்பாரைதான? வா, வந்து தொட்டுப் பாரு. நீ இல்லாம தொட மனசு வரல."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்தது. ஆனால் சொன்ன மறுகணம் கடப்பாரை மார்லிஸ் அடித்த மான் ஆகிவிடும், ஆரினின் மேட்டில், ஆரினின் பரணிலிருந்து. கட்டிய மனைவி மீதே அவனுக்குப் பொறாமை பொங்கியது.

"இல்ல. இது வேற."

"வேறயா?"

"கடப்பாரை இதவிடப் பெருசு."

மார்லிஸ் அந்த வலது கொம்பைப் பார்த்தாள். நெட்டுக்குத்தலாக நின்ற கிளையை, அதன் பிளந்த நுனியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படியா. சரி, கொம்பப் புடிச்சு இழு."

இழுத்தான். பிடிக்கத் தோதாக இருந்தது அந்தக் கிளைதான்.

அன்று லவோன் கடையில் ஊரே கூடி மார்லிஸுக்கு பிராந்தி வாங்கிக் கொடுத்தது. அவள் டம்ளரை உயர்த்தி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"இது ஒண்ணும் பெருசில்லப்பா. எங்க வீட்டுக்காரர் நாலு வருஷமா பாத்துட்டு வர்ற மான் இதவிடப் பெருசாம். அது இன்னும் உசுரோட இருக்காம்."

"இதவிடவா?" லவோன் வாயைப் பிளந்தாள்.

ஆரின் சீட்டைக் கீழே வைத்தான். "மாப்ள! ஒரு வார்த்த சொல்லலையே? நெசமாவா? எங்கிட்டு வருது அது?" அவன் முகம் சுருங்கியிருந்தது. வெர்லின் பள்ளிக்கூட நாளிலிருந்து பார்க்கத் துடித்த முகம் அது. ஆரினுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது, இல்லாத ஒரு மானுக்காக.

வெர்லின் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினான். அந்த ஒரு ராத்திரிதான்.

வசந்தத்தில் பாடம் பண்ணிய மான்தலை வந்தது. மார்லிஸ் அதை டிவிக்கு மேலே மாட்டினாள். ஃப்ரீசர் மேலிருந்த பழைய இடது கொம்பைத் துணியிலிருந்து பிரித்து, தலைக்கு நேர் கீழே வைத்தாள். ஏன் என்று வெர்லின் கேட்கவில்லை. ஆரின் மூன்று கேமரா புதிதாக வாங்கி மேடெங்கும் கட்டினான். லவோன் கடைக்குள் வெர்லின் காலெடுத்து வைத்தாலே, "பெரிய மான் தெரிஞ்சுதா?" என்று நாலு மூலையிலிருந்தும் குரல் வரும்.

இப்போது மறுபடி ஆகஸ்ட். சாயங்காலம் வெர்லின் கார்டை எடுத்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். ஒரு ராக்கூன். பூட்ஸோடு அவன். குனிந்து கேமராவைத் திறக்கும் அவன். பின்னால் மார்லிஸ் டிவி பக்கம் நாற்காலி மேல் ஏறி நின்று, ஈரத்துணியால் தூசி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துச்சா?" என்றாள்.

அவன் திரும்பவில்லை. "இன்னும் வரல."

"வரும் வரும்," என்றாள் மார்லிஸ், பிளந்த நுனியைப் பதமாகத் துடைத்துக்கொண்டே. "நாளைக்கும் போய்ப் பாரு."